மூச்சுக்குழாயை வளர்த்துப் பொருத்த முடியுமா?

கேள்வி: விபத்துக்குப் பின் என் தம்பி பல நாள் வென்டிலேட்டரில் இருந்தான். இப்போது மூச்சுக்குழாய் சுருங்கி, படி ஏறினாலே இரைக்கிறது. சுருங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைக்கலாம் என்கிறார் மதுரை மருத்துவர். சிங்கப்பூரில் உள்ள பங்காளி வீட்டுப் பிள்ளையோ, ஸ்டெம் செல்லில் (பலவகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) புதுக் குழாயே வளர்க்கிறார்களாம், பொறுத்திருங்கள் என்கிறான். அப்பத்தாவுக்கும் கத்தி வைப்பதில் சம்மதமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அந்தக் குழாய்க்காகப் பொறுத்திருக்க வேண்டாம், சகோதரி.

இறந்தவரின் மூச்சுக்குழாயிலிருந்து அவருடைய செல்களை நீக்கி, எஞ்சிய சட்டகத்தில் நோயாளியின் செல்களை வளர்த்துப் பொருத்தியதாக 2008இல் பார்சிலோனாவிலிருந்து அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி குழுவினர் அறிவித்தனர். 2011 முதல் சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் அவர் செயற்கைக் குழாய்களைப் பொருத்திய மூவரும் பின்னர் இறந்தனர். இதற்காக 2023இல் சுவீடன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2008 அறிவிப்பை வெளியிட்ட கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழும் 2023இலேயே திரும்பப் பெற்றது. பழைய செய்திகள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மனிதரின் தவறோடு முடிகிற விஷயமன்று இது. சிறுநீரகத்துக்கு இருப்பதுபோல் எளிதில் இணைத்துத் தைக்கத்தக்க ஒரு பெரிய தமனி மூச்சுக்குழாய்க்கு இல்லை. பக்கவாட்டிலிருந்து நுழையும் பல நுண்ணிய நாளங்களே அதற்கு இரத்தம் தருகின்றன. ஆகவே ஆய்வகத்தில் எவ்வளவு நேர்த்தியாகச் செல்களை வளர்த்தாலும், உடலுக்குள் வைத்த பின் இரத்தம் எட்டாவிட்டால் அவை மடிந்துவிடும். சளியை மேலே தள்ளும் நுண்மயிர்ப் படலம் உருவாகாது. காற்றோடு வரும் கிருமிகளும் அங்கே தங்கிவிடும். பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் இதை உணர்ந்து, கொடையாளியின் மூச்சுக்குழாயை முதலில் நோயாளியின் முன்கையில் தோலுக்கடியில் மாதக்கணக்கில் வைத்து, இரத்த நாளங்கள் ஊடுருவிய பிறகே கழுத்துக்கு மாற்றினர். 2010இல் வெளியான அந்த முயற்சிதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. ஆனால் அதுவும் வேறு வழியற்றவர்களுக்கே.

உங்கள் தம்பிக்கோ வழி இருக்கிறது. பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 11 செ.மீ. நீளமுடையது, தக்கவர்களுக்கு ஏறத்தாழ அதில் பாதி வரை வெட்டி இணைக்க இயலும். இது பல்லாண்டுகளாக நடைமுறையில் உள்ள சிகிச்சை என்பதை அப்பத்தாவுக்கும் சொல்லுங்கள். முதல் அறுவையே நன்றாக அமைவது முக்கியம் என்பதால், இதில் அனுபவமுள்ளவரிடமே செல்லுங்கள். சுருக்கத்தின் நீளம் எவ்வளவு, குரல்நாணிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை சி.டி. ஸ்கேன், பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராவை விட்டுப் பார்க்கும் சோதனை) முடிவுகளை வைத்துக் கேளுங்கள். இதற்கிடையில் மூச்சை இழுக்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி எழுந்தாலோ, இரைப்பு திடீரென்று கூடினாலோ, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.