பிசிஜி ஊசியால் வந்த பாசிட்டிவ் என்று விட்டுவிடலாமா?

வணக்கம் அக்கா. வெள்ளவத்தை வீட்டில் அப்பப்பாவுக்குக் காசநோய். விடுமுறைக்கு வந்து அவருடன் ஒரு மாதம் நின்ற மூன்று வயதுப் பேரனுக்கு, சுவிஸ் திரும்பியதும் காசநோய்க்கான தோல் பரிசோதனை பாசிட்டிவ். கொழும்பில் பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால்தான் என்று விட்டுவிடலாமா என்கிறீர்கள்.

விடாதீர்கள். பிசிஜியாலும் அந்தப் பரிசோதனையில் தோல் வீங்கலாம், உண்மைதான். காசநோய்க் கிருமி தொற்றியதா என்று பார்க்கும் இக்ரா (IGRA) இரத்தப் பரிசோதனையை அந்த ஊசி குழப்பாது. ஆனால் கிருமி உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று இந்த இரண்டு பரிசோதனையுமே சொல்லாது. அதற்கு எக்ஸ்ரேயும் டாக்டரின் நேரடிச் சோதனையும் வேண்டும். சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு இரைப்பை நீர் எடுப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். அதிலும் கிருமி பிடிபடாமல் போவது சாதாரணம்.

காசநோய் அரிதான அந்த நாட்டில் டாக்டருக்கு மிகப் பெரிய தடயம் அப்பப்பாதான். அவருடைய சளியில் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை செஸ்ட் கிளினிக்கில் கேட்டு வாங்கி, இன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்பது அதில்தான் இருக்கும்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், ஐந்து வயதுக்குட்பட்டவர் என்பதால் நோய் வராமல் தடுக்கும் மருந்து தருவார்கள்; மறுக்க வேண்டாம். விடாத காய்ச்சல், வாந்தி, தூங்கி வழிதல் இருந்தால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.