லடாக்குக்கு லேசான பைக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மணாலியிலிருந்து லேவுக்குத் தனியாகப் போகத் திட்டம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வாங்கலாமா, பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வாங்கலாமா? என் உயரம் 5 அடி 4 அங்குலம். (வாசகர், ஈரோடு)

தனியாகத்தான் என்றால் எக்ஸ்பல்ஸ். ஹிமாலயன் 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் ஏறக்குறைய 160. ஆள் நடமாட்டமில்லாத மேட்டில், மணலில் சாய்ந்த வண்டியை மூச்சிரைக்கத் தூக்கும்போது அந்த 40 கிலோவின் அருமை தெரியும். பின்னால் ஆள் ஏற்றுவதானால் இழுவை அதிகமுள்ள ஹிமாலயனே சரி.

சீட் உயரம் எக்ஸ்பல்ஸில் 825 மி.மீ., ஹிமாலயனில் 800. எக்ஸ்பல்ஸில் உங்களுக்கு இரண்டு குதிகாலும் தரையில் பதியாது. அதற்காகப் பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றி வண்டியை இறக்காதீர்கள். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் ஹேண்டில் மந்தமாகும், இன்ஜின் அடி கல்லில் தட்டும். சைடு ஸ்டாண்டும் நீளம் மிஞ்சி, நிறுத்திய வண்டி மறுபக்கம் சரியும். சீட் தைப்பவரிடம் கொடுத்து, முன்பகுதி ஃபோமை 20 மி.மீ. செதுக்கி, இரு ஓரங்களையும் ஒடுக்கச் சொல்லுங்கள். தொடை விரியாவிட்டால் கால் நேராக இறங்கும்.

கேள்வி: மலையில் வண்டி இழுக்காது என்கிறார்கள். சைலன்சர், ஏர் ஃபில்டர் மாற்றினால் சரியாகுமா? (வாசகர், தேனி)

ஆகாது. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்யும். இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொண்டுவரும்? எக்ஸ்பல்ஸின் 19 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே 10 சொச்சத்துக்கு இறங்கிவிடும்.

மாற்ற வேண்டியது முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் முன் பல்சக்கரம். எக்ஸ்பல்ஸில் கம்பெனி கொடுப்பது 13 பல். 12 போட்டால் பின் வீலுக்கு இழுவை 8 சதவீதம் கூடும். ஹைவேயில் அதே வேகத்துக்கு ஆர்.பி.எம்.மும் 8 சதவீதம் ஏறும். ஆகவே 13 பல்லிலேயே மணாலி வரை போய், அங்கே மாற்றுங்கள். மாற்றியதும் செயின் தொய்யும். வீலைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் தளர்வை அளந்து சரிசெய்யுங்கள். தொய்வான இடத்தில் அளந்து இழுத்துவிட்டால் பேரிங்கும் ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: சாமான், பெட்ரோல், பஞ்சர்: எதற்கு எப்படித் தயாராவது? (வாசகர், ஓசூர்)

பெட்ரோல் கணக்கு எளிது. மணாலி – லே சாலையில் கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற ஊர் பங்கில் நிரப்பினால், அடுத்த 300 கி.மீ.க்கு மேல் பங்க் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பல்ஸின் 13 லிட்டர் டேங்க், சுமையோடு லிட்டருக்கு 30 என்றாலும் 390 கி.மீ. வரும். 5 லிட்டர் கேன் ஒன்று போதும். இரண்டாவது கேன் வீண் சுமை.

கேனையும் டூல்ஸையும் சாடில் பேக்கின் முன்பக்கம், தாழ்வாகக் கட்டுங்கள். பின் கேரியரில் கனம் ஏற்றினால் முன் வீல் லேசாகி ஹேண்டில் ஆடும். பின் சட்டமும் விரிசல் விடும்.

சாமான் கட்டியபின் ஸ்பிரிங்கைப் பார்க்காமல் கிளம்புவதுதான் பெரிய தவறு. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, வீல் தொங்கும் நிலையில், அச்சிலிருந்து நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரை அளந்து குறியுங்கள். முழுச் சுமையோடு நீங்கள் உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எக்ஸ்பல்ஸில் வித்தியாசம் 50 முதல் 57 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கூடினால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) கூட்டுங்கள். முழுக்க இறுக்கியும் கூடுகிறதா? சாமானைக் குறையுங்கள்.

ஸ்போக் வீல் என்பதால் உள்ளே ட்யூப். டியூப்லெஸ் பஞ்சர் கிட் பயன்படாது. 21 அங்குல முன் ட்யூப் ஒன்று, டயரை நெம்பும் லிவர் மூன்று, கைப்பம்பு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ட்யூப் அவசரத்துக்கு 18 அங்குலப் பின் வீலிலும் ஓடும். பின் ட்யூப் முன்னால் பொருந்தாது. டயரை ஏற்றும்போது எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் ரிம் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தாமல் லிவரால் நெம்பினால் புது ட்யூப்பும் கிள்ளிப்போகும்.

ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் போட்டிருந்தால் கடைசியாக ஒன்று: வண்டியை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். ஆர்.பி.எம். ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவில் வண்டி தானாகப் பாயும். கேபிள் வழியை மாற்றிக் கட்டாமல் ஓட்டாதீர்கள்.