இரக்கத்தால் வந்த புகழா?

கேள்வி: மெக்சிகோ பாடகர் ஹுவான் காப்ரியேலை மேதை என்று எழுதியிருந்தீர்கள். அவர் முறையாகச் சங்கீதம் படிக்காதவர், எழுதியது சாதாரணக் காதல் பாட்டுகள். அவருடைய ஏழ்மைக் கதையைக் கேட்டு மக்களுக்கு வந்த இரக்கம்தானே இந்தப் புகழ்?

பதில்: இல்லை. இரக்கம் என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்சமும் ஏற்க முடியாது.

கதை சோகமானதுதான். 1950-இல் மிச்சோவாகான் மாநிலத்துப் பாராகுவாரோ ஊரில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். இயற்பெயர் அல்பெர்த்தோ அகிலேரா. அப்பாவை மனநல மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்க எல்லையை ஒட்டிய சியுதாத் ஹுவாரெஸுக்கு வந்து வீட்டுவேலை செய்தார், பையனை ஐந்து வயதிலேயே ஒரு சிறுவர் காப்பகத்தில் விட வேண்டியதாயிற்று. அங்கேதான் ஹுவான் கொன்ட்ரேராஸ் என்ற ஆசிரியர் தகர வேலையோடு இசையையும் சொல்லிக்கொடுத்தார். மேடைப் பெயரில் உள்ள ஹுவான் அந்த ஆசிரியருக்காக, காப்ரியேல் அப்பாவுக்காக. அதனால் 'படிக்காதவர்' என்பதும் சரியில்லை. இசைக் கல்லூரிக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஹுவாரெஸின் நோவா நோவா பாரில் பாட்டு, தலைநகரில் வாய்ப்புக்கு அலைச்சல், செய்யாத திருட்டுக்காக லெகும்பெர்ரி சிறையில் ஏறக்குறைய ஒன்றரை வருஷம். பாடகி என்ரிகேத்தா ஹிமேனெஸ் கைகொடுக்க வெளியே வந்து, 1971-இல் 'நோ தெங்கோ தினேரோ' என்று பாடினார். கையில் காசில்லை, கொடுக்க அன்புதான் இருக்கிறது என்கிற பாட்டு, உடனே பிடித்துக்கொண்டது.

இரக்கம் ஒரு பாட்டை, மிஞ்சினால் இரண்டு பாட்டை ஓட வைக்கும். அவர் எழுதிய 'ஆமோர் எத்தேர்னோ' (அழியாத அன்பு) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் இறந்துபோன அவருடைய அம்மாவோடு சேர்த்தே அதைப் பேசுவார்கள், ஆனால் 1984-இல் அதைப் பாடிப் பரப்பியவர் ஸ்பெயின்காரரான ரோசியோ டூர்கால். வேறொருவர் குரலில் ஒலிக்கும்போது எழுதியவர் காப்பகத்தில் வளர்ந்தாரா என்று யார் பார்க்கிறார்கள்? இன்றுவரை மெக்சிகோக்காரர்கள் சாவு வீட்டில் அதைப் பாடுகிறார்கள். 2019-இல் ஹுவாரெஸுக்கு அக்கரையில் இருக்கும் அமெரிக்க நகரமான எல் பாசோவில் ஒரு வெறியன் 23 பேரைச் சுட்டுக் கொன்றபோது, அஞ்சலிக்குக் கூடியவர்கள் பாடியதும் அதைத்தான். ஒரு சமூகம் துக்கத்தில் இருக்கும்போது தானாக வாய்க்கு வருகிற பாட்டை எழுதுவது எளிது என்று நினைக்கிறீர்களா? எழுதிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை ஏனோ அதிகம் பேசுவதில்லை. தன் பாடல்களின் உரிமைக்காக இசை நிறுவனத்தோடு மோதி, 1980-களின் நடுவிலிருந்து 1994 வரை தன்னுடைய புதுப் பாட்டு எதையும் அவர் ஆல்பமாகத் தரவில்லை. புகழின் உச்சத்தில் இருந்த ஒருவர் அத்தனை வருஷம் பிடிவாதமாக நின்றார், ரசிகர்கள் விட்டுப்போகவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

நீங்கள் 'சாதாரணம்' என்கிறீர்களே, அதையேதான் 1990-லும் சொன்னார்கள். மெக்சிகோ நகரின் பெல்லாஸ் ஆர்த்தெஸ் மாளிகை ஓபராவுக்கும் பாலேக்கும் உரியது, அங்கே வெகுஜனப் பாடகனுக்கு என்ன வேலை என்று கலை உலகத்தில் பெரிய சண்டை. அவர் தேசிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு, மெக்சிகோவின் நாட்டுப்புற இசைக்குழுவான மரியாச்சியையும் அதே மேடையில் ஏற்றிப் பாடினார், வசூலையும் அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கே கொடுத்தார். 2016 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் மாரடைப்பால் இறந்தார், அதற்கு இரண்டு நாள் முன்புகூடக் கச்சேரி செய்திருந்தார். அஸ்தியை அஞ்சலிக்காக அந்த மாளிகையிலேயே வைத்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அந்த 1990 கச்சேரியின் பதிவு இணையத்தில் இருக்கிறது. மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, முழுதாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள், அப்போதும் 'இரக்கம்' என்றே சொன்னால் உங்கள் கடிதத்தை அப்படியே வெளியிடுகிறேன்.