உத்யம் பதிவு கூடினால் மண்டியில் வேலை கூடியதாகுமா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் அருகே ஒரு கிடங்கை நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்க நினைக்கிறேன். மாவட்டத்தில் மொத்த வியாபாரத்தில் வேலை செய்வோர் சில ஆண்டுகளில் பல மடங்காகிவிட்டார்கள் என்று தரகர் உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) பதிவுக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறார். அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: அந்தத் தாளை மட்டும் நம்பிக் கொடுக்க வேண்டாம். மொத்த வணிகத்தில் ஆட்கள் கூடுவது ஒரு வட்டாரத்துக்கு நல்ல அறிகுறி என்ற அளவில் தரகர் சொல்வது சரிதான். சில்லறைக் கடை பெரும்பாலும் உள்ளூர்க்காரர் கையிலுள்ள காசையே சுற்றவிடுகிறது. ஒட்டன்சத்திரத்து முருங்கையும் தக்காளியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போவதால், மண்டிக் கணக்குப்பிள்ளைக்கும் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் கிடைக்கும் கூலி வெளியிலிருந்து வந்த பணம், அதுவே பிறகு உள்ளூர் மளிகைக்கும் டீக்கடைக்கும் போகிறது.

ஆனால் அவர் காட்டுவது வேலைக் கணக்கே அன்று. மொத்த, சில்லறை வணிகர்களை உத்யம் பதிவுக்குள் அனுமதித்தது 2021 ஜூலையில்தான், அதுவும் வங்கிகள் முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்கும் கடனுக்காக மட்டும். முப்பது ஆண்டுகளாக மண்டி நடத்துபவரும் 2022இல் பதிந்திருந்தால், அந்தத் தாளில் அவர் அன்று முளைத்தவராகவே தெரிவார். ஆள் எண்ணிக்கையும் அவரே எழுதிக் கொடுப்பது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அப்படியிருந்தும், அரசுத் தளம் போலவே தோற்றம் கொடுத்து இணையத்தில் கடை விரித்திருப்பவர்களும், 'நானே பதிந்து தருகிறேன்' என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களும் குறைந்தபாடில்லை. உங்கள் தரகரும் அப்படிக் கேட்டால், இடத்தைப் பற்றிய பேச்சையும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்கலாமே என்பீர்கள். அது பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது. பெரும்பாலான மண்டிகள் அதற்குள் வரவே வரா. லோடுமேன்களோ மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள், எந்த மண்டியின் சம்பளப் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். நீங்களே கிடங்கைச் சேமிப்புத் தொழிலாக மட்டும் நடத்தினால், உங்கள் ஆட்களையும் வணிகத்தில் சேர்க்காமல் போக்குவரத்து–சேமிப்பு என்ற தலைப்பில்தான் சேர்ப்பார்கள். கடை கடையாக எண்ணும் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஆறாவது 2013இல் நடந்தது. 2019இல் தொடங்கிய ஏழாவதன் முடிவு இன்னும் வெளிவரவில்லை. ஒரு மாவட்டத்து மண்டிகளில் எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று பத்தாண்டுக்கு மேலாகச் சொல்ல முடியாத நிலையில்தான் மாவட்ட வாரியாக வளர்ச்சித் திட்டங்கள் தீட்டுகிறார்கள்.

ஆகவே நீங்களே எண்ணுவதுதான் வழி. ஏலம் நடக்கும் நேரத்தில் போய் நின்று, நாலைந்து மண்டிகளில் வாரக் கூலிச் சிட்டையில் எத்தனை பெயர் இருக்கிறது, போன ஆண்டு இதே வாரத்தில் எத்தனை இருந்தது என்று கேளுங்கள். லோடுமேன்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஏற்றுகிறார்கள் என்று விசாரியுங்கள். மண்டிக்காரர் கூட்டிச் சொன்னாலும் லோடுமேன்கள் சொல்வதில் அது வெளிப்பட்டுவிடும்.

ஒரே மாதத்தை ஒரே மாதத்துடன் ஒப்பிட்டால் போதும் என்ற விதி மற்ற சரக்குகளுக்குப் பொருந்தும், இங்கே ஓணம் அதைக் கெடுத்துவிடுகிறது. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் முதல் திருவோணம் வரையிலான பத்து நாள் நெரிசலும் அதற்காக எடுக்கும் கூடுதல் ஆட்களும் 2023இல் ஆகஸ்டில் விழுந்தார்கள். அடுத்த ஆண்டு முழுக்கச் செப்டம்பருக்குப் போய்விட்டார்கள். ஆகஸ்டை மட்டும் பார்ப்பவருக்கு 2024இல் மார்க்கெட்டே படுத்துவிட்டது போலத் தோன்றும், செப்டம்பரை மட்டும் காட்டும் தரகருக்கு அது பொற்காலம். 2025இல் நெரிசல் இரண்டு மாதத்திலும் பாதிப் பாதியாகப் பிரிந்தது. எனவே ஆகஸ்டையும் செப்டம்பரையும் சேர்த்தே கூட்டிப் பாருங்கள். அதைவிட நல்லது, அவ்விரு மாதங்களையும் ஒதுக்கிவிட்டு மாசி, பங்குனியில் ஒரு சாதாரண வாரத்தைப் பார்ப்பது. குத்தகைத் தொகையை அந்த வாரத்துச் சரக்கு வரத்துக்கு ஏற்றபடி பேசுங்கள்.

தரகர் மறுபடியும் அந்தத் தாளை நீட்டினால், 2021 ஜூலைக்கு முந்தைய எண்ணை அதே பத்தியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.