மூன்று மாதத்தில் சிக்ஸ்ஜி வெல்டரா?

கேள்வி: பிளஸ் டூ முடித்து ஒரு வருடமாக அப்பாவுடன் ரப்பர் வெட்டப் போகிறேன். வெல்டிங் பழக ஆசை. கத்தாரில் இருக்கும் மாமா, "ஐடிஐ என்று ஒரு வருடத்தைத் தொலைக்காதே, மூன்று மாத சிக்ஸ்ஜி கோர்ஸ் படித்துவிட்டு நேரே இங்கே வா" என்கிறார். கோர்ஸுக்கு அறுபதாயிரம் கேட்கிறார்கள். சேரலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: வேண்டாம் தம்பி, அந்த அறுபதாயிரம் அப்பாவிடமே இருக்கட்டும். மாமா பொய் சொல்லவில்லை, சிக்ஸ்ஜி தேறிய பைப் வெல்டருக்கு வளைகுடாவில் நல்ல சம்பளம் உண்டுதான். ஆனால் அவர் கண்ணில் படுவது கடைசிப் படி. சிக்ஸ்ஜி டெஸ்ட் என்றால், பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் மாட்டிவிடுவார்கள், அதைத் திருப்பக் கூடாது, நீதான் சுற்றி வர வேண்டும். அடியில் போனால் பொறி முகத்துக்கு நேரே கொட்டும், பக்கத்தில் வந்தால் உருகின இரும்பு வழியும். தரையில் கிடக்கும் தகட்டில் ஒரு கோடு ஒழுங்காக இழுக்கத் தெரியாதவனை நேரே இதில் நிறுத்தினால் அந்த ஒரு பைப்பை மனப்பாடம் செய்துவிட்டு வருவான், அவ்வளவுதான். கம்பெனி டெஸ்டில் எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே சிலாக் (ராடின் பூச்சு உருகி உறைந்த கசடு) மாட்டியிருந்தால் சர்டிபிகேட் வந்து பேசாது. அதோடு, ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் அதற்கான தகுதியே காலாவதி என்பது பெரிய கம்பெனிகளில் விதி. விசாவுக்குக் காத்திருந்தே அந்த ஆறு மாதம் போய்விடலாம்.

உன்னிடம் ஒரு கைமுதல் இருக்கிறது. ரப்பர் வெட்டுகிறவன் நீ. கத்தி மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது, இல்லையா? இதுவும் அதே கைதான். கரண்ட் கூடினால் தகடு ஓட்டை, குறைந்தால் இரும்பு மெழுகு மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு, அதாவது உருகி ஒட்டும் வெல்டிங் குச்சிக்கு, 60 முதல் 90 ஆம்பியர் என்பது கணக்கு, ஆனால் கடைசியில் காதுதான் சொல்லும்: ராடு சரியான தூரத்தில் போகும்போது தேங்காய் எண்ணெயில் நெத்திலி பொரிகிற சத்தம் விடாமல் வரும், விலகினால் சத்தம் உடைந்து பொறி சிதறும். நன்றாக ஓடிய பீடில், அதாவது வெல்டிங் கோட்டில், சிலாக் ஆறும்போதே பாம்புச் சட்டை மாதிரி தானாக எழும்பும். அது தினமும் நடக்கிறவரை பைப் பக்கம் போகாதே.

நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது. வெல்டர் டிரேடு ஒரு வருடம், எட்டாம் வகுப்பே போதும், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. லீவு நாளில் கேட், கிரில் அடிக்கும் பட்டறையில் போய் நில். முதலில் ராடைத் தர மாட்டார்கள். துரு சுரண்டு, கிரைண்டர் பிடி, டீ வாங்கி வா என்பார்கள், கோபப்படாதே. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் இற்றுப்போகும். இற்றுப்போன கேட்டை ஓட்டை விழாமல் ஒட்டப் பழகியவனுக்குப் புதுத் தகடு விளையாட்டு.

அப்புறம் மழை. நமக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மெஷின் சும்மா ஓடும்போதே ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் 70, 80 வோல்ட் நிற்கும். நான் பழகும் நாளில் நனைந்த தரையில் நின்று வெறுங்கையால் ராடு மாற்றி ஓர் அடி வாங்கினேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, காய்ந்த பலகை ஒன்றைக் காலடியில் போட்டுவிட்டுப் போனார். காய்ந்த கையுறை, ஷூ, பருத்திச் சட்டை. பாலியெஸ்டர் உருகினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வெளிநாடு எங்கும் ஓடிவிடாது. போகிற காலம் வந்தால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பார். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடு.

கேள்வி: மகன் பட்டறைக்குப் போகிறான். ராத்திரியானால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி எரிகிறது என்று அழுகிறான். உருளைக்கிழங்கு அரிந்து வைக்கிறோம். சரியா?
- வாசகி, தக்கலை

பதில்: குளிர்ச்சிக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், வேறு பலன் இல்லை அம்மா. சுத்தமான துணியை நனைத்து மூடிய கண்மேல் போட்டாலே அந்த இதம் கிடைக்கும். வெல்டிங் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது, அதனால்தான் பட்டவுடன் தெரியாமல் சில மணி நேரம் கழித்து எரிகிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். பார்வை மங்கினாலோ எரிச்சல் நிற்காவிட்டாலோ கண் டாக்டரிடம் போங்கள், மருந்துக்கடையில் கேட்டு எந்தச் சொட்டும் விடாதீர்கள். மாஸ்க்கில் 10 அல்லது 11 நம்பர் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். டாக் அடிக்கும்போது, அதாவது துண்டுகள் நகராமல் இருக்கப் புள்ளி புள்ளியாக ஒட்டும்போது, மாஸ்க்கை இறக்குகிறானா என்றும் கேளுங்கள். "ஒரு நொடிதானே" என்பான்.