குழந்தையின் மாறுகண்: வாசகர் கேள்விகளும் கண் மருத்துவரின் பதில்களும்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து மாறுகண் பற்றி வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது ஆகிறது. மூன்று மாதமாகப் படப்புத்தகம் பார்க்கும்போதும் சாப்பிடும்போதும் அவளுடைய வலது கண் மூக்குப் பக்கமாக ஒதுங்குகிறது. "மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்" என்று மாமியார் சொல்கிறார். காத்திருக்கலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மாமியார் பேத்தி மீதுள்ள பாசத்தால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் அந்த நம்பிக்கையால் பார்வையை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு, மூன்று வயதில், அருகில் உள்ளதைப் பார்க்கும்போது கண் உட்பக்கம் ஒதுங்கினால், நாங்கள் முதலில் தேடுவது தூரப்பார்வை எனப்படும் பிளஸ் பவர் குறைபாட்டைத்தான். அருகில் உள்ள பொருளைத் தெளிவாகப் பார்க்க விழிவில்லை தன்னைக் குவித்துக்கொள்ளும்போது, இரண்டு கண்களும் சேர்ந்து சற்று உள்நோக்கித் திரும்புவது இயற்கை. பிளஸ் பவர் அதிகமுள்ள குழந்தை தெளிவாகப் பார்ப்பதற்கே அளவுக்கு மீறிக் குவிக்க வேண்டியிருப்பதால், அந்தத் திரும்பலும் அளவுக்கு மீறிப்போய் ஒரு கண் மூக்கருகே ஒதுங்கிவிடுகிறது. சரியான கண்ணாடியை நாள் முழுவதும் அணிந்தால், இந்த வகையில் பல குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே கண்கள் நேராகிவிடும்.

காலம் கடத்தக் கூடாது என்பதற்குக் காரணம் மூளையில் இருக்கிறது. இரண்டு கண்களும் வெவ்வேறு திசையில் பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரிய வேண்டும். சிறு குழந்தையின் மூளை அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒதுங்கிய கண்ணிலிருந்து வரும் காட்சியைப் புறக்கணிக்கத் தொடங்கும். அதனால்தான் குழந்தை எந்தக் குறையும் சொல்வதில்லை. இது நீடித்தால், கண்ணில் வேறு நோய் இல்லாமலேயே பார்வை மங்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். இளம் வயதில் ஒரு கண்ணுக்குப் பார்வை கிடைக்காமல் போனால் மூளையின் பார்வைப் பகுதி எப்படி மாறிவிடுகிறது என்பதைப் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்துக் காட்டியவர்கள் டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும். பார்வையைப் பற்றிய ஆய்வுகளுக்காக அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசோதனைக்கு முன், கண்மணியை விரித்து, விழிவில்லை குவிவதைத் தற்காலிகமாக நிறுத்தும் அட்ரோபின் களிம்பைக் கண்ணில் போட மூன்று நாளுக்குக் கொடுக்கக்கூடும். அப்போது குழந்தைக்கு வெளிச்சம் கூசும். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவருக்குத் தெரிவியுங்கள். இன்னொன்று: கண்ணாடி போட்டுப் பழகிய பிறகு அதைக் கழற்றினால் கண் முன்னிலும் அதிகமாக ஒதுங்குவதுபோல் தோன்றும். "கண்ணாடிதான் கண்ணைக் கெடுத்துவிட்டது" என்று எண்ணிப் பெற்றோர் அதை நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கண்ணாடி கெடுக்கவில்லை, மறைந்திருந்த ஒதுக்கம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டலாம். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். ஆனால் அந்தக் குழு வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் பேரனுக்கு மூன்று மாதம். சில நேரம் கண் ஒதுங்குவதுபோல் இருக்கிறது. தலைமாட்டில் நின்று பார்த்தால் மாறுகண் வரும் என்று வீட்டில் என்னை விலகி நிற்கச் சொல்கிறார்கள்.
– ஒரு தாத்தா, மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் எந்தப் பக்கம் நின்றும் பேரனைக் கொஞ்சலாம் ஐயா. அதனாலோ தொட்டிலில் தொங்கும் பொம்மையாலோ மாறுகண் வராது. பிறந்து முதல் மூன்று மாதம் வரை கண்கள் எப்போதாவது நிலைமாறுவது இயல்பு. நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒதுங்கினாலோ, எந்த வயதிலும் ஒரு கண் எப்போதுமே ஒதுங்கி நின்றாலோ உடனே காட்ட வேண்டும். மூக்குத்தண்டு தட்டையாக இருந்து, கண்ணின் உள்மூலையைத் தோல்மடிப்பு மறைத்தால், நேரான கண்ணும் மாறுகண்போலத் தெரியும். கை நீட்டும் தூரத்தில் டார்ச் வெளிச்சம் காட்டினால், இரண்டு கருவிழிகளிலும் அந்த ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கலாம். அது சரியாக இருந்தாலும், விட்டுவிட்டு வரும் மாறுகண் இல்லையென்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட முடியாது.

இரண்டு அறிகுறிகளை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம்; விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். முன்பு நேராக இருந்த கண் திடீரென ஒதுங்கி, கூடவே தலைவலியும் வாந்தியும் இருந்தால் அது மூளையைப் பரிசோதிக்க வேண்டிய அவசரம். கண்ணில் தாய்ப்பாலோ எண்ணெயோ விட வேண்டாம்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கண்ணை மறைத்துக் கட்டச் சொன்னார்கள். பிய்த்து எறிகிறான். வியர்வையிலும் கழன்றுவிடுகிறது.
– ஒரு தந்தை, குளச்சல்

பதில்: பெற்றோருக்கு இதைவிடக் கடினமான சிகிச்சை குறைவு. முதலில், நன்றாகத் தெரியும் கண்ணைத்தான் மறைக்கிறீர்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பாவப்பட்ட கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று மங்கலான கண்ணை மூடி வைத்திருந்த வீடுகள் உண்டு. மங்கலான கண்ணைத்தான் வேலை வாங்க வேண்டும். நல்ல கண் மூடியிருக்கும்போது எதுவும் சரியாகத் தெரியாத பிள்ளை பிய்த்து எறிவது அடம் அல்ல; அவனுக்கு அது உண்மையிலேயே சிரமம்.

மிதமான சோம்பேறிக் கண் குறைபாட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மறைப்பது ஆறு மணி நேரம் மறைப்பதற்கு இணையான பலன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைபாடு கடுமையாக இருந்தால் ஆறு மணி நேரம் தேவைப்படலாம். இரண்டு மணி நேரம் போதும் என்று மருத்துவர் சொன்னால், பள்ளியில் மறைத்து மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளாக்க வேண்டியதில்லை. மாலையில் முகம் கழுவித் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, மறைப்புப் பட்டையைக் கண்ணாடிக்கு உள்ளே தோலிலேயே ஒட்டுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டினால் ஓரத்தின் வழியே எட்டிப் பார்த்துவிடுவான். அந்த நேரத்தில் அரிசியில் கல் பொறுக்கலாம், பிச்சிப்பூவை நூலில் கோக்கலாம், படம் வரையலாம். எதற்கும் இணங்காவிட்டால், நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் அட்ரோபின் சொட்டு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சொன்ன நாளில் மறுபரிசோதனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அளவுக்கு மீறி மறைத்தால் நல்ல கண்ணின் பார்வையும் குறையக்கூடும். மறைப்பது பார்வையை மீட்பதற்குத்தான். ஒதுங்கிய கண்ணை அது நேராக்காது.

கேள்வி: எட்டு வயது மகள் கடற்கரை வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். களைப்பாக இருந்தால் அந்தக் கண் வெளிப்பக்கம் போகிறது. அறுவைச் சிகிச்சை என்றால் கண்ணை வெளியே எடுப்பார்களா?
– ஒரு தாய், முட்டம்

பதில்: எடுக்க மாட்டார்கள். விட்டுவிட்டு வரும் வெளிநோக்கு மாறுகண்ணுக்கு நீங்கள் எழுதியிருப்பவை தெளிவான அடையாளங்கள். சில குழந்தைகளுக்குக் கண்ணாடியும் கண்காணிப்பும் போதும். ஒதுக்கம் அடிக்கடி வந்தாலோ, இரண்டு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணரும் திறன் குறைந்தாலோதான் அறுவைச் சிகிச்சை. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மயக்க மருந்து கொடுத்து, தேவையான தசையைப் பின்னுக்கு நகர்த்தித் தைப்பார்கள். அல்லது சுருக்கித் தைப்பார்கள். கண் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சிவப்பு சில வாரங்களில் மாறும். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படுகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் தங்கைக்கு இருபது வயது. சிறுவயது மாறுகண்ணை இனிச் சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகர், பூதப்பாண்டி

பதில்: கண்ணை நேராக்க எந்த வயதிலும் அறுவைச் சிகிச்சை செய்யலாம். மங்கிப்போன பார்வை இந்த வயதில் முழுமையாகத் திரும்புவது அரிது. "ஒன்றரைக்கண்" என்ற கேலியைக் கேட்டே வளர்ந்த ஒரு பெண் எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது சிறிய பயன் அல்ல. அதை வெறும் அழகு சிகிச்சை என்று நினைக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது தங்கையின் சிறுவயதுப் புகைப்படங்களையும் பழைய கண்ணாடிச் சீட்டுகளையும் கொண்டுசெல்லுங்கள். கண் எந்த வயதில் ஒதுங்கத் தொடங்கியது என்பதை அவற்றைக் கொண்டு அறியலாம்.