‘ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதாம். இது திருட்டு இல்லையா?

பதில்: இல்லை. அது கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு வருவது. அதை விலைக்கு விற்க உரிமமே இடம் கொடுக்கிறது. தானே உருவாக்கியது என்று சொல்லி விற்றிருந்தால் அது மோசடி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நானும் ‘தொழில்முறைப் பதிப்பு’ என்ற அட்டைப்பெட்டியைப் பார்த்து மயங்கி ஜிம்ப் என்ற கட்டற்ற படத் திருத்த மென்பொருளின் குறுந்தட்டை வாங்கியவன்தான். பெட்டி நன்றாக இருந்தது.

கேள்வி: ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்’ என்ற செயலியை அலுவலகத்தில் 12 கணினிகளில் போட்டோம். இப்போது பில் வந்திருக்கிறது. இலவசம் என்றுதானே சொன்னார்கள்?

பதில்: கடைசி வார்த்தையை மட்டும் படித்திருக்கிறீர்கள். பில்லைக் கட்டுங்கள்.

கேள்வி: மூலநிரலை (நிரலர் எழுதிய வரிகளை) பார்க்க முடிந்தால் அது கட்டற்ற மென்பொருள்தானே? உரிமங்களை எப்படி வகை பிரிப்பது?

பதில்: இந்த ‘தானே’தான் எனக்குப் பல வருட எரிச்சல். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும், கை வைக்க முடியுமா? எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், படித்து மாற்றலாம், நகல் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கும் இருந்தால்தான் கட்டற்றது. ‘வணிகத்துக்குக் கூடாது’ என்று ஒரு வரி வந்தாலே கணக்கில் சேராது. 2018இல் மாங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியது. நிரல் கண்முன்னே இருந்தும், திறமூல உரிமங்களுக்கு ஒப்புதல் தரும் ஓஎஸ்ஐ அமைப்பின் பட்டியலில் அந்த உரிமத்துக்கு இடமில்லை.

சரி, கட்டற்றவற்றுக்குள்ளும் பிரிவு உண்டு. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் தாராளமானவை: பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் விட்டுவிடாமல் இருந்தால் மூடிய மென்பொருளிலும் சேர்க்கலாம். ஜிபிஎல் உரிமம் அப்படி விடாது, மாற்றி வெளியிட்டால் அதையும் ஜிபிஎல்லிலேயே வெளியிட வேண்டும். எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்கள் இந்த இரு வகைக்கும் நடுவே. அப்புறம், இரண்டு கட்டற்ற உரிமங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்றும் நினைக்காதீர்கள். அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் 3 நிரலுடன் கலக்கலாம், ‘ஜிபிஎல் 2 மட்டும்’ என்று இருக்கும் நிரலுடன் கூடாது என்கிறது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை.

கேள்வி: புது வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் ஓடுகிறது. மூலநிரல் கேட்டால் ‘கம்பெனி ரகசியம்’ என்கிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றுகிறார்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஜிபிஎல் 2 உரிமத்தில் இருக்கிறது. பொருளோடு நிரலையும் தர வேண்டும், இல்லையென்றால் கேட்டால் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டு செல்லும் எழுத்துப்பூர்வ உறுதியாவது தர வேண்டும். அவர்களே தனியாக எழுதிய நிரல்களை இதில் கேட்க முடியாது. மாடல் எண், ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள்) பதிப்பு எண் இரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அப்போதும் மறுத்தால், அந்த நிரலின் பதிப்புரிமை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதிலை அனுப்பிவிடுங்கள். வழக்குப் போடும் உரிமை அவர்களிடம் இருக்கிறது.